வாசகர் எழும்வரை

என்னவருக்கு,

"அந்த நூலகத்தையே கட்டிக்கிட்டு அழு" என்று சொல்லிவிட்டு வெளியூர் வேலைக்குப் போனீர்களே, அதன் கதையைக் கேளுங்கள்.

பல்கலைக்கழகத்தின் பழைய வாசிப்புக் கூடத்தைப் பூட்டி அலுவலகமாக்க, நேற்று பதிவாளர் வந்தார். வாசகர் ஒருவர் உட்கார்ந்திருந்தாலும் கதவைச் சாத்தக்கூடாது என்பது கட்டடம் திறந்த நாளிலிருந்து இங்கே வழக்கம். அதனால் கூடம் காலியாகாதபடி மாணவர்கள் முறை வைத்து வந்து வாசித்தார்கள்.

"எப்பம்மா முடிப்பாங்க?" என்றார் பதிவாளர்.

"தடிமனான புத்தகம் சார். நீங்களும் உட்காருங்க."

உட்கார்ந்தவர் ஒன்றைப் புரட்டினார், மூழ்கிவிட்டார். துணைவேந்தர் அவரைத் தேடி வந்து குரல் கொடுக்க, தலை நிமிராமலே "சத்தம் போடாதீங்க" என்று அதட்டினார்.

நிறைந்திருந்த கூடத்தைத் துணைவேந்தர் பார்த்தார். பூட்டும் உத்தரவு இன்று ரத்தாகிவிட்டது.

ஜன்னலோரம் உங்கள் நாற்காலி அப்படியே இருக்கிறது. வந்து உட்காருங்கள்; யார் எழுப்புகிறார்கள் பார்ப்போம்.

இன்னும் அழாத,
உங்கள் நூலகர்