குதிரையேற்றம் சொல்லித்தர ஒருத்தி

1938, ஆடி 4. பாப்பிரெட்டிப்பட்டி.

விடாத காற்று. ஆஸ்பத்திரிக் கூரையில் ஓடுகள் பறந்துவிட்டன. சேலத்திலிருந்து உத்தரவு: சித்தேரி மலை ஊர்களுக்கு லேடி டாக்டராகிய நான் இனிக் குதிரையில் போய்வர வேண்டும். ஊர் ஜமீனான மிட்டாதார் தம் மட்டக்குதிரையைத் தருகிறாராம். எனக்கு அதன் பக்கத்தில் நிற்கவே பயம்.

போன மாதம் மலையில் ஒரு பிரசவம். என்னை டோலியில் தூக்கிப் போனார்கள். போய்ச் சேர்வதற்குள் தாய் போய்விட்டாள். முடியாது என்று பதில் எழுத மனம் வரவில்லை.

ஆடி 6

கம்பவுண்டர் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். பெரிய மீசை, காக்கிச் சட்டை. “குதிரைப் பட்டாளத்துல இருந்தவனுங்க.” என்னை ஏற்றிவிட்டுக் குதிரையின் பின்னால் ஓங்கி ஒரு தட்டு. ஓட்டம். புளியங்கிளை. தரை. தோள் வீக்கம், எலும்பு முறியவில்லை, நானே தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கம்பவுண்டர் அதட்டிக் கேட்டபோதுதான் தெரிந்தது: பட்டாளத்தில் அவர் சமையல்காரர். “குதிரைக்குக் கொள்ளு வேகவெச்சதும் நான்தானுங்களே!”

எல்லாரும் சிரித்தார்கள். நான் தோளுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டேன்.

ஆடி 9

ஜட்காக்காரர்: “வண்டின்னா ஓட்டுவனுங்க. மேல ஏறுனதே இல்லீங்க.” மிட்டாதாரின் குதிரைக்காரர் பெண்பிள்ளைக்குக் கற்றுத்தர மாட்டாராம். ஆள் கிடைக்காததில் எனக்கு நிம்மதி. அந்த நிம்மதியே வெட்கமாக இருக்கிறது.

ஆடி 11

கம்பைநல்லூரிலிருந்து வந்து இங்கே சோடாக்கடை வைத்திருப்பவரின் மனைவி சரசு வந்தாள். லேசாக நொண்டுகிறாள்.

“குதிரைக்கு ஆளு தேடறீங்களாமே. கலியாணத்துக்கு முன்னாடி சர்க்கஸ்ல குதிரை மேல நின்னவ நானு.”

நம்பவில்லை. குதிரையிடம் கூட்டிப்போனேன். கையை மோந்து பார்க்கவிட்டாள். சேணத்தின் வயிற்றுவாரைத் தளர்த்திக் கட்டினாள். ஏறி, மைதானத்தைச் சுற்றி, நான் நின்ற இடத்தில் அசையாமல் நிறுத்தினாள்.

“கால் எப்படி ஆனது?”

“விழுந்துட்டனுங்க. ஒரு வருசம் படுக்கை.”

“அப்புறமும் ஏறினாயா?”

“ஏறுனேனுங்க. கால் நடுங்கிட்டேதான் ஏறுனேன்.”

வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டாரா என்றேன். “அவரு டிக்கெட் வாங்கிப் பாத்தவருதானுங்களே!”

ஆடி 15

இன்று நடை மட்டும். சரசு கையில் கயிறு. “மூச்சப் புடிச்சிக்கிட்டு உக்காராதீங்க. அதுக்கும் பயமாயிருது.” குதிரை காதைத் திருப்பினாலே எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தொடையெல்லாம் ரணம்.

ஆடி 24

காலையில் மலையிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். “புள்ளையோட கை மட்டும் வெளிய வந்துருக்குதுங்க. நேத்துலருந்து துடிக்கறா.”

அடிவாரம்வரை சரசு குதிரையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அதற்குமேல் ஏற அவள் காலுக்கு ஆகாது. கடிவாளத்தை என் கையில் கொடுத்தாள். “இனி நீங்கதானுங்க.” வந்தவர்கள் முன்னால் நடந்தார்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். குளம்பு பட்ட கல் உருண்டு போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாய்விட்டு அழுதேன். குதிரை நடந்தது.

குழந்தை முன்பே இறந்திருந்தது. திருப்பி எடுத்தேன். தாய் பிழைத்தாள். பெயர் வெள்ளையம்மா. தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

ஆடி 25. மலையில்.

காய்ச்சல் இல்லை. நாடி சரி. நான் இறங்க வேண்டும். ஏறுவதைவிட இதுதான் பயம். இறக்கத்துக்குப் பாடம் நடக்கவில்லை. ஆள் அனுப்பிச் சரசுவைக் கேட்கச் சொன்னேன். விடிந்ததுமே அடிவாரத்துக்கு வந்து காத்திருக்கிறாளாம். போன ஆள் திரும்பி வந்து சொன்னான்:

“பின்னால சாஞ்சு உக்காரச் சொல்லுச்சுங்க. கடிவாளத்த இழுக்க வேணாமாம். பள்ளத்தப் பாக்கவே வேணாமாம்.”

சேணம் கட்டியாயிற்று. ஏறப்போகிறேன். கூப்பிடுகிறார்கள்.