வீடுதான் நகர்ந்தது

அன்பு மகன் எர்ச்சிமுக்கு அப்பா எழுதுவது. நான், அம்மா, குதிரைகள் எல்லாரும் நலம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்துத் திகைக்காதே, இது நானேதான். அம்மாவுக்குக் கண்ணில் புரை விழுந்துவிட்டதால் குளிர்காலம் முழுக்க அவளிடம் எழுத்துப் படித்தேன். இத்தனை வருடம் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், நான் திட்டுவதையெல்லாம் விட்டுவிடுவாள். இனி ஒன்றும் விடுபடாது.

நிலம் உருகுகிறது, நீ இருக்கும் யாகுட்ஸ்க் நகரத்துக்கு வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். உருகுவது உண்மைதான். அடியில் கல்லாய்க் கிடந்த பனி தளர்ந்து, நாம் புல் அறுத்த வெளி குழிந்து குளமாகி வாசல்வரை வந்துவிட்டது. தரை சாய்ந்து, என் முன்னால் வைத்த கோப்பை தானே நகர்ந்து அம்மாவிடம் போனது. நிலவறையில் உறைந்திருந்த இறைச்சி கோடையில் இளகிச் சொட்டியது. குளிரில் அந்தக் குளம் உறைந்ததும் பக்கத்து வீட்டுப் புரோக்கோப் குடிநீருக்கு அதில் பனிக்கட்டி வெட்டப் போனான், வழக்கம்போல வாயில் சிகரெட்டோடு. உள்ளே வெள்ளை வெள்ளையாய்க் குமிழ்கள் அடுக்கியிருந்ததை அவன் கவனிக்கவில்லை. கடப்பாரை இறங்கியதும் உஸ்ஸென்று காற்று, உடனே ஆள் உயரத்துக்குத் தீ. ஓடிப்போய்ப் பார்த்தால் மல்லாந்து கிடந்தபடி, "டேய் ஹபிரீஸ், உன் குளம் கூலி கேக்காம என் புருவத்தைச் சிரைச்சிருச்சுடா" என்கிறான். அம்மா, "நல்லவேளை, எனக்குக் கண்ணு தெரியல" என்றாள்.

நீ சொன்னதுதான், மாமூத் யானை மேய்ந்த காலத்துப் புல் உறைந்து கிடந்தது இப்போது அழுகித் தீப்பிடிக்கும் வாயுவாகிறது, அது மேலே போய் வானத்தைச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டில் இன்னும் உருகுகிறது. தீ தனக்குத்தானே விறகு வெட்டிப் போட்டுக்கொள்வது போல. பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் உன் மாடிவீட்டின் தூண்களும் அதே உறைமண்ணில்தானே நிற்கின்றன? அது ஆடினால் அடுத்து எங்கே கூப்பிடுவாய்? குதிரைகளை மாடிப்படியில் ஏற்றுவாயா? எங்கள் அடுப்புப் புகையா இந்தப் பனியை உருக்கியது? செய்யாதவன் ஏன் ஓட வேண்டும்? வரமாட்டோம்.

கோடைக்கு ஒரு வீடு, குளிருக்கு ஒரு வீடு என்று மாறி வாழ்ந்தவர்கள் நாம். மரவீடு பிரித்தால் பிரியும், அடுக்கினால் நிற்கும். தரை இறுகியிருக்கும்போதே பிரித்துவிட்டோம். கட்டைக்குக் கட்டை கரியால் அடையாள எழுத்துப் போட்டது நான், படித்த படிப்புக்கு அதுதான் முதல் வேலை. சறுக்குவண்டியில் குதிரை பூட்டி மணல் மேட்டுக்கு ஏற்றினோம், அங்கே அடியில் பனிக்கட்டி குறைவு. நம் வழக்கப்படி பழைய அடுப்புத் தீக்குக் கடைசியாக அப்பமும் வெண்ணெயும் ஊட்டினோம். வேறு யாரும் தொடக்கூடாது என்று அதன் தணலை அம்மாவே வாளியில் சுமந்தாள், கண் தெரியாதவள், நேராகக் குளத்துப் பக்கமே நடக்கிறாள்! புரோக்கோப் பின்னாலேயே ஓடி, "அக்கா, அந்தப் பக்கம் போயிராதக்கா, எனக்கு மீசையாவது மிஞ்சட்டும்!" என்று கத்தினான். நான் கையைப் பிடித்துச் சுற்றிக் கூட்டிவந்தேன். அந்தத் தணலில்தான் இப்போது தேநீர் கொதிக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மேசையில் கோப்பை வைத்த இடத்திலேயே நிற்கிறது.

நம் அடுப்புத் தீ உங்களையும் காக்கட்டும், உங்கள் பானை நிறையட்டும். கோடையில் கோடரியோடு வா, சுவர் இடுக்குகளில் பாசி அடைக்க வேண்டும். பழைய பாதையில் வராதே, அங்கே தண்ணீர். மேட்டில் புகை தெரியும், அதுதான் நம் வீடு.

தன் கையாலேயே எழுதிய,
உன் அப்பா ஹபிரீஸ்