அலமாரிக் கதவில் எழுபத்திரண்டு கோடுகள்

முதல் சனிக்கிழமை, இரவு

வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க வழி கேட்கலாமென்று, பனியன் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வங்கிக்குப் போனேன்.

ஆறு வருடமாக, தவணை கட்டும் ஒவ்வொரு மாதமும் டெய்லர் சாக்பீஸால் அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு கோடு போடுகிறேன். செக்கிங்கில் பீஸ் எண்ணுவதுபோல நாலு கோடு, குறுக்கே ஒன்று. மேலிருந்து அடிவரை மொத்தம் எழுபத்திரண்டு. அத்தனை மாதம் குறைந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

"இன்னும் எரநூத்தி நாப்பத்தாறு மாசம் இருக்குதுங்க" என்றார் அதிகாரி.

"ஏனுங்க, வாங்கறப்பவே எரநூத்தி நாப்பதுதானுங்களே?"

"வட்டி ஏறுச்சுங்க. தவணையை ஏத்தாம மாசத்தை நீட்டிருக்குதுங்க. தவணையைக் கூட்டச் சொல்லி எழுதிக் குடுத்தா மாசமும் கொறையும், வட்டியும் மிச்சமாகும். யாரும் கேக்கறதில்லீங்க."

எழுதிக் கொடுத்தேன்.

வந்ததும் ஈரத்துணியால் கதவு முழுவதையும் துடைத்தேன். ஒரு கோடும் இல்லை. புதிதாக எண்ணலாம் என்றிருந்தேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தால், மேலே ஈரம் காய்ந்த இடத்தில் கோடுகள் வெளுப்பாகத் திரும்பி வந்துகொண்டிருக்கின்றன. எண்ணினேன். மேல்பாதியிலேயே எழுபத்திரண்டு வந்துவிட்டது.

கதவின் கீழ்ப்பாதி இன்னும் காயவில்லை.