சட்டையை எரித்த ஊர்

அன்பு மகளுக்கு,

வெள்ளிமலையில் உன் வீட்டில் சிக்னல் இல்லாததால் எழுதுகிறேன். இன்று காலை அமெரிக்கக் கூடைப்பந்து பார்த்தேன். "அவதான் சொல்லாம கல்யாணம் கட்டிக்கினு போய்ட்டாளே, இன்னும் இன்னாத்துக்கு இதப் பாத்துக்கினு கீற?" என்றார் அப்பா. பிறகு அவரே, "அவ ஆளு, அந்த லெப்ரான், ஜெயிச்சானா?" என்றார்.

உனக்குப் பிடித்த ஆட்டக்காரர் லெப்ரான் சொந்த ஊர் அணியை விட்டுப் போனதை நான் இன்னும் ஏற்கவில்லை. ஆட ஆரம்பித்த அணியிலேயே இருக்கும் கர்ரியின் கட்சிதான் நான். ஆனால் லெப்ரானின் சட்டையை எரித்த ஊரே, அவர் திரும்பியதும் கைதட்டியது. கோப்பை கிடைக்கும் என்றுதான் தட்டினார்கள் என்பது என் சந்தேகம்.

அப்பா உன் படத்தைக் கழற்றி பீரோவில் வைத்திருக்கிறார். எரிக்கவில்லை.

நீ எதையும் ஜெயித்துக்கொண்டு வர வேண்டாம். தலைப்பொங்கல் வரிசையோடு போகியன்று நானே முதல் பஸ்ஸில் மலையேறி வருகிறேன். மாப்பிள்ளையை பஸ் நிற்கும் இடத்துக்கு வரச் சொல்.

அம்மா