கொடி இழுத்த மரம்

அப்பா, இங்கே காட்டில் காண்ட்ராக்டர் ஒரு மரத்துக்கு அனுமதி வாங்கி இரண்டு மரத்தைச் சாய்க்கிறார். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். முழங்காலில் சிராய்ப்பு மட்டும்தான், அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

மரமேறி, எந்த உயரத்தில் எந்தச் செடி ஒட்டி வளர்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. அடிமரத்தில் பாசி, கிளை பிரியும் இடத்தில் பெரணி, வெயில் படும் உச்சியில் ஆர்க்கிட். செடி நிறைந்த மரத்தை வெட்டக் கூடாது என்பது விதி. அப்படி ஒரு மரத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்தேன். அதன் உச்சியும் பக்கத்து மரத்தின் உச்சியும் ஒரே கொடியில் பின்னிக் கிடந்தன. கொடியை அறுத்துவிட்டுப் பக்கத்து மரத்தை வெட்டுங்கள் என்று கெஞ்சினேன். அறுக்காமலே வெட்டினார்கள். அந்த மரம் விழும்போது என் மரத்தையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. விலகி ஓடியதில் வந்ததுதான் சிராய்ப்பு.

“நாங்க எங்கம்மா சாய்ச்சோம்? கொடிதானே இழுத்துச்சு!” என்றார் காண்ட்ராக்டர்.

“அப்ப கொடி மேல கேஸ் போடும்மா,” என்று என் அதிகாரியும் சேர்ந்து சிரித்தார். இரண்டு மரமும் லாரியில் ஏறின.

மழையில் துணி எதுவும் காய்வதில்லை. உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், போட்டுக்கொள்கிறேன். ரம்பச் சத்தம் கேட்கிறது, ஓட வேண்டும். நான் இங்கே இருக்கட்டுமா, வந்துவிடட்டுமா? நீங்களாவது நேரான பதில் சொல்லுங்கள்.