தாணுமாலயன் சொன்னதில் பாதி

பதிவு 1. செவ்வாய்க் கிரகம், நாள் 212, காலை 07.10. ஆனைப்பிளவின் வாய்.

இதைக் கண்டெடுக்கும் மகாஜனங்களுக்கு வணக்கம். பேசுவது வள்ளியூர் தாணுமாலயன். வயது ஐம்பத்தெட்டு. பாறையியல் நிபுணன். ஈரேழு பதினான்கு உலகங்களிலும் எனக்கு நிகரான வழிசொல்லி கிடையாது. பதினைந்தாவது ஒன்று இருந்தால் அங்கேயும் கிடையாது. நான் பேசப் பேச இந்த உடையே எழுதிக்கொள்கிறது. பிழை இருந்தால் அதைப் பிடித்துக் கேளுங்கள்.

இன்று குழுப் பாறையேற்றப் போட்டி. ஒரு வண்டி, இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார். மற்றவர் முன்னே நடந்து, எந்தச் சக்கரம் எந்தப் பாறைமேல் ஏற வேண்டும் என்று சொல்வார். பிளவுக்குள் நுழைந்து, இருவரும் சேர்ந்து மறுமுனை எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் செல்லும். வென்றால் பனிக்கட்டி துளைக்கும் இயந்திரம் எங்கள் முகாமுக்கு. அங்கே நாற்பது பேரும் ஒரே தண்ணீரைத்தான் சுற்றிச் சுற்றிக் குடிக்கிறோம். அதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

வண்டியின் திருநாமம் ஐராவதம். ஆறு சக்கரம், கூரை இல்லாத கம்பிக்கூடு. ஓட்டுவது என் அண்ணன் மகள் மங்கையர்க்கரசி. பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று பாறை ஏறிவிடுவாள் என்பதால் மங்கை.

நேற்று பூமியிலிருந்து அண்ணியின் செய்தி வந்தது: "தம்பி, நீங்க சொல்லுததுல நான் எப்பவும் பாதியத்தான் எடுத்துக்கிடுவேன். பிள்ளைய மட்டும் முழுசா கொண்டாந்து சேத்துருங்க."

பாதி என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கல்யாணப் பந்தியில் நாற்பது இட்லி தின்றேன் என்று நான் சொன்னால், வீட்டில் இருபது என்று குறித்துக்கொள்வார்கள். உண்மையில் பதினெட்டு. ஆகவே சட்டம் நியாயமானதுதான்.

முழுசா என்று நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

பதிவு 2. 09.40. உள்ளே.

பிளவுக்குள் வந்ததும் வெளி ரேடியோ செத்துவிட்டது. எங்கள் இருவருக்குள் மட்டும் கேட்கிறது, அதுவும் கரகரப்பாக. பேச்சு கேட்காவிட்டால் பொத்தானைத் தட்டுவது என்று ஏற்பாடு. ஒரு தட்டு ஹோல்டான், அதாவது நில். இரண்டு தட்டு ரைட், அதாவது போ. லாரியின் பக்கவாட்டில் கிளீனர் தட்டுகிற அதே சாஸ்திரம்.

சற்றுமுன் நடந்த ராஜாங்கப் பேச்சு, வருங்காலச் சந்ததிக்காக:

"ஏட்டி மங்கை! இடது முன் சக்கரத்துக்குக் கீழ கோயில் கோபுரம் கணக்கா ஒரு கல்லு கெடக்கு!"

"கோபுரத்துல பாதியா சித்தப்பா?"

"பாதில கொஞ்சம் கொறச்சல்."

"அப்ப அம்மிக்கல்லு. ஏத்துதேன்."

"ஆயிரம் யானை பெலம் வேணும் பிள்ள!"

"ஐந்நூறு போதும். தள்ளி நில்லுங்க."

ஏற்றிவிட்டாள். பூனை மதில்மேல் நடப்பதுபோல ஏற்றினாள். இதில் பாதி போட வேண்டாம்.

ஆனால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. வெயில் ஏற ஏறப் பாறைக்குள்ளிருந்து டக், டக் என்று ஓர் அதிர்வு பூட்சு வழியாக ஏறி வருகிறது. முப்பது வருடம் பாறை தட்டிப் பிழைத்தவன் நான். எங்கோ பாறை விரிகிறது, இந்த அதிர்வு எனக்குப் பிடிக்கவில்லை. காற்று மிச்சத்தைக் காட்டும் பச்சைக் கோட்டை நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். அது தலைக்கவசத்துக்குள் எரிகிறது. அவரவர் கோடு அவரவர் கண்ணுக்கு மட்டும். அவளுக்குக் கவலையில்லை, வண்டித் தொட்டியிலிருந்து குழாயில் வருகிறது. நடப்பவன் முதுகில் சுமந்ததைத்தான் குடிக்க வேண்டும்.

பதிவு 3. 11.25.

நேராகச் சொல்கிறேன்.

ஒரு மேட்டின் மறுபக்கம் வெடிப்பு. அடி தெரியவில்லை. ஓட்டுபவளுக்கு மேடு மறைக்கும். எனக்கு மட்டுமே தெரியும். வழக்கம்போல் பாதாளம் என்றோ, ஏழு கடல் என்றோ சொல்லியிருக்க வேண்டும். பயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன்:

"முன்னால வெடிப்பு. மூணு மீட்டர்."

"ஒன்றரைதான? ஐராவதம் ரெண்டு வரைக்கும் தாண்டும். வாரேன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் வண்டி மேட்டைத் தாண்டி இறங்கிவிட்டது. முன் சக்கரங்கள் இரண்டும் வெடிப்புக்குள். வண்டி பக்கவாட்டில் புரண்டது. ஒதுங்கினேன், வலது கால் ஒதுங்கவில்லை. கம்பிக்கூட்டின் அடியில் இருக்கிறது. உடை கிழியவில்லை.

மங்கை முழுசாக இருக்கிறாள். அண்ணி, முழுசாக.

காற்றுத் தொட்டி பிளந்துவிட்டது. குழாய் பிய்ந்ததில் அவள் உடைக்குள் இருந்த காற்றும் கொஞ்சம் போய்விட்டது. வண்டியில் இருந்த மாற்றுக் காற்று உருளைகள் இரண்டு. ஒன்றின் கழுத்து உடைந்து காலி. மற்றது நன்றாக இருக்கிறது.

பதிவு 4. 11.50.

நடுவர்கள் பிளவின் வாயில் இருக்கிறார்கள். நடந்தால் ஒரு மணி நேரம். அவர்கள் தூக்கும் வண்டியோடு வர இன்னொரு மணி நேரம். நடக்க ஒருத்தியால் மட்டுமே முடியும்.

உருளை யாருக்கு என்று சண்டை.

"சித்தப்பா, ஒங்களுக்கு எவ்ளோ இருக்கு?"

"நாலு மணி நேரம்."

நாலில் பாதி இரண்டு. எல்லாக் கணக்கும் பொருந்துகிறது. நான் போட்ட கணக்குகளிலேயே மிகச் சிறந்தது. உண்மையில் கோடு விரல் நகம் அளவுதான் இருக்கிறது. அரை மணி நேரம் தாங்கினால் பெரிது.

"ஒனக்கு?"

"ஒன்றரை மணி நேரத்துக்குத் தாராளமா இருக்கு."

"அப்பம் உருளைய நீ தூக்கிட்டுப் போ. வழியில அரை மணி நேரம் தடங்கலாச்சுன்னா பத்தாமப் போயிரும்."

அவள் என் பக்கத்தில் வந்து குனிந்தாள். என்னைச் சற்றுப் புரட்டிச் சாய்த்து, முதுகில் அப்பிய புழுதியைத் துடைத்தாள். புழுதி துடைத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டேன். "மாப்பிள்ளை மாதிரி இருக்க வேண்டாமா?" என்றாள். உருளையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். பாறை வளைவில் மறையும்வரை பார்த்தேன்.

வேலை முடிந்தது. இனி எனக்கு ஓய்வு. சக்கரவர்த்திகள் சிங்காசனத்தில் சாய்ந்ததுபோல நான் ஐராவதத்தில் சாய்ந்திருக்கிறேன். ஒரு கால் அடியில் என்பது சின்ன விஷயம்.

பதிவு 5. 12.14.

கோடு குறையவில்லை.

ஏறியிருக்கிறது. முக்கால்வாசிக்கு ஏறியிருக்கிறது.

கையைப் பின்னால் வளைத்துத் தடவினேன். முதுகுப் பையின் அடியில் உருளை ஒன்று திருகி மாட்டப்பட்டிருக்கிறது. நல்லது. எதிரே பார்த்தேன். கழுத்து உடைந்த காலி உருளை கிடந்த இடத்தில் புழுதியில் தடம் மட்டும் இருக்கிறது. தோளில் அவள் தூக்கிப் போனது அதைத்தான்.

கத்தினேன். விட்டு விட்டு அவள் குரல் வந்தது:

"...சித்தப்பா, வழக்கமா யானை, கோபுரம்னு அளப்பீங்க. வெடிப்ப மட்டும் வெறுமன மூணுன்னீங்க. பயந்தாத்தான் நீங்க அப்பிடிப் பேசுவீங்கன்னு அப்பத் தெரியல... காத்தையும் வெறும் நாலுன்னீங்க. யானையே இல்ல... பயந்துதான் சொல்லுதீங்க, காத்து இல்லன்னு புரிஞ்சுபோச்சு... அதான்..."

"திரும்பி வா பிள்ள! ஏட்டி, திரும்பு!"

"...பாதி வழி வந்துட்டேன்..."

பாதி வழியா? இருபத்து நாலு நிமிடத்தில் பாதி வழி வர முடியாது.

பதிவு 6. 12.37.

மங்கை வாழ்நாளில் மிகைப்படுத்திப் பேசியதில்லை. அதை எங்கள் குடும்பத்தில் நான் ஒருவனே குத்தகைக்கு எடுத்திருந்தேன். இன்று அவள் சொன்னதை முதல் முறையாகப் பாதியாக்கிப் பார்க்கிறேன்.

ஒன்றரையில் பாதி முக்கால். முக்கால் மணி நேரம் முடிந்து இரண்டு நிமிடம் ஆகிறது.

என் கோடு பச்சைப் பசேலென்று எரிகிறது. யாராவது வந்து இதை அணைத்துத் தொலையுங்கள்.

பேச்சுக்குப் பதில் இல்லை. பொத்தானைத் தட்டுகிறேன். இரண்டு இரண்டாகத் தட்டுகிறேன். நடுவில் வழி சொல்லவும் சொல்கிறேன். அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். "வரட்டும்... வரட்டும்... வலது ஒடிச்சு வரட்டும்... நேரா... அப்பிடித்தான் தாயி... ரைட், ரைட்..."

அவளுக்குக் கேட்கிறதா என்று தெரியாது. கால் மரத்துவிட்டது. வாய் நிற்கமாட்டேன் என்கிறது.

பதிவு 7. 12.51.

கேட்டது.

மங்கையின் அலைவரிசைதான். கரகரப்புக்கு நடுவில் சுத்தமாக ஒரு தட்டு.

ஒரு தட்டு.

கை தளர்ந்திருக்கும். பொத்தான் சரியாக அமுங்கியிருக்காது. இரண்டாவது வரும். பாறையில் மோதி, வளைந்து, சுற்றிக்கொண்டு வரும்.

அண்ணி, அவள் இரண்டுதான் தட்டியிருப்பாள். எனக்குப் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

தட்டு தாயி. இன்னும் ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு.