மாமாவின் பேய்ப் பாட்டு

என் அன்பு மாமாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் குளிர் இராது என்று நம்புகிறேன். இங்கே கனடாவில், பிக்கரிங்கில், வாசல் பனியை இப்போது உங்கள் மகன்தான் அள்ளுகிறார். நீங்கள் அள்ளுவது போல ஓரம் நேராக வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உங்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.

சென்ற ஞாயிறு உங்கள் ஆண்டுத் திவசம். அஜக்ஸிலிருந்தும் ஸ்காபரோவிலிருந்தும் உறவுகள் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஆள் உங்களைப் பற்றிக் கதைத்தார்கள். அமைதியான மனுசன், வேலையும் கோயிலும் வீடுமாக இருந்தவர், ஒருவரோடும் சத்தமாகப் பேசாதவர். எல்லாம் உண்மை. ஆனால் கீழ்த்தளத்தில் நீங்கள் வைத்திருந்த அந்த இசைத்தட்டைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லாரும் வாசிக்கும்படி இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்த காலத்தில் எனக்கு உங்களைக் கண்டாலே பயம். நீங்கள் சமையலறைக்குள் வந்தால் நான் எழும்பி நிற்பேன். நீங்கள் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டு பேசாமல் கீழே இறங்கிவிடுவீர்கள். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு சத்தம் வரும். தண்ணீருக்குள் இருந்து யாரோ பாடுவது போல, கிற்றாரைத் தலைகீழாக வாசிப்பது போல. "மாமாவின்ர பேய்ப் பாட்டு துவங்கீட்டுது" என்று மாமி கதவைச் சாத்துவார்.

எங்கள் மகள் ஆரணி பிறந்தது மாரிக் குளிர் தொடங்கிய நேரம். இவர் விடிய ரயிலேறி நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். மாமி பத்தியக் கறி வைத்துத் தருவார், பிள்ளையைக் குளிப்பாட்டுவார். ஒரு குறையும் இல்லை. எனக்கு மட்டும் அழுகை நிற்கவில்லை. பிள்ளை அழுதால் தூக்கக் கை எழாது. கண்ணூறு என்று மாமி மிளகாய் சுற்றிப் போட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில், "பிள்ளை பிறந்த வீட்டில ஆரும் அழுவினமோ?" என்று கேட்டார். அதன்பிறகு நான் ஒளித்து அழப் பழகினேன்.

ஒருநாள் காலை நீங்கள் கதவடியில் வந்து நின்றீர்கள். "பிள்ளை, கீழ வந்து இரும். பாட்டுப் போடப் போறன். ஒண்டும் கதைக்கத் தேவையில்லை." மாமா கூப்பிட்டு மறுப்பது எப்படி? ஆரணியை நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். நான் பின்னால் இறங்கி வந்தேன்.

அந்த உறையை அன்றுதான் கிட்டப் பார்த்தேன். செம்மஞ்சளும் ஊதாவும் ஒன்றுக்குள் ஒன்று உருகி, எழுத்தெல்லாம் நெளிந்து, பெயரை வாசிக்கவே முடியவில்லை. பாட்டுத் தொடங்கியபோது உங்கள் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். "பழுதில்லை," என்று சிரித்தீர்கள். "நாலு பெடியள். அவங்கட முதல் இசைத்தட்டு. அறுபதுகளில இப்பிடி ஒரு சத்தத்தை ஒருத்தரும் கேட்டிருக்கேல்லை. பிறகு எத்தனையோ பேர் செய்தவை. துணிஞ்சு துவங்கினது இவங்கள்." இந்த வகைப் பாட்டுக்குப் பெயர் சைக்கடெலிக் ரொக் என்று நீங்கள் திருப்பித் திருப்பிச் சொல்லியும் அந்தச் சொல் எனக்கு வாயில் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் கீழே வந்தேன். நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னீர்கள். கொழும்பில் படிக்கிற காலத்தில், நீங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரரின் மகன் இதைப் போட, மேல் அறையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். "அந்த முறை சோதினையில நான் கோட்டை விட்டதுக்கு இவங்கள்தான் காரணம்." பிறகு இந்த நாட்டுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றுக்கொண்டிருந்தவர்களிடம், காட்போட் பெட்டிக்குள் இதே உறையைக் கண்டிருக்கிறீர்கள். அன்று வீடு வரும்வரை அதை ஜக்கெற்றுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னபோது உங்கள் முகம் இருபது வயதுக்காரனின் முகமாக இருந்தது. நான் உங்களுக்குப் பயப்படுவதை விட்டது அன்றைக்குத்தான்.

அந்தத் தட்டின் இரண்டாம் பக்கத்தில் ஒரே ஒரு நீண்ட பாட்டு. பாதியில் தாளம் கழன்றுவிடும். ஓர்கன் ஒரு பக்கம், கிற்றார் ஒரு பக்கம், நடுவில் யாரோ கத்துவார்கள். முதல்முறை நான் எழும்பி மேலே போகப் பார்த்தேன். "இதில எல்லாம் குலைஞ்சு போறமாதிரிக் கிடக்கும் பிள்ளை. பயப்பிடாதையும். திரும்பி வருவாங்கள்," என்றீர்கள். வந்தார்கள். முதலில் ட்ரம் மட்டும் வந்தது, பிறகு மற்றவர்கள்.

ஒருநாள் அந்தக் குழப்பமான இடம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் வாய் திறந்துவிட்டேன். அந்த இரைச்சலுக்குள் என் குரல் எனக்கே கேட்காது என்ற தைரியமாக இருக்கலாம். "மாமா, என்னால ஏலாமல் கிடக்கு. நான் இல்லாட்டி இவள் நல்லா வளருவாள் எண்டு நினைக்கிறன்."

நீங்கள் முள்ளைத் தூக்கினீர்கள். அந்தப் பாட்டை நடுவில் நிறுத்தி நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

"சொன்னது நல்லம் பிள்ளை," என்றீர்கள். "உது வருத்தம். காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம். உம்மில ஒரு பிழையும் இல்லை."

அப்படியே எங்கள் இருவரையும் மேலே கூட்டிக்கொண்டு போய் இவருக்குப் போன் எடுத்தீர்கள். "தம்பி, வேலையை விட்டிட்டு அடுத்த ரெயினில வா. ஓம், இப்பவே." மாமி பதறிப்போனார். "இஞ்சருங்கோ, உதையெல்லாம் டொக்டரிட்டச் சொன்னால் அரசாங்கம் பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போயிடும். சனம் என்ன கதைக்கும்?" நீங்கள் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். என்னைக் காட்டிச் சொன்னீர்கள்: "சனம் கதைக்கட்டும்! எனக்கு இந்தப் பிள்ளை உயிரோட வேணும்."

மாமா, அந்த ஒரு வசனத்துக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? அன்று மாலையே டொக்டர் பார்த்தார். பிள்ளையை ஒருவரும் பறிக்கவில்லை. மருந்து தந்தார்கள். ஸ்காபரோவில் மனநல ஆலோசகராக இருந்த, தமிழ் பேசும் ஓர் அன்ரி கிழமைக்கு ஒருமுறை என்னோடு இருந்து கதைத்தார். நீங்கள்தான் காரில் கூட்டிக்கொண்டு போவீர்கள். நான் வெளியே வரும்போது என்ன கதைத்தீர் என்று ஒருநாளும் கேட்டதில்லை. "தேத்தண்ணி குடிப்பமோ?" என்று மட்டும் கேட்பீர்கள். எந்த நாளில் சுகமானேன் என்று எனக்குத் தெரியாது. ஆரணி ட்ரம் சத்தத்துக்குக் காலை உதைத்ததைப் பார்த்து நான் சிரித்ததும், என் சிரிப்பைக் கேட்டு மாமி படியில் அப்படியே நின்றதும் நினைவிருக்கிறது.

இனி உங்களுக்குத் தெரியாத சேதிக்கு வருகிறேன். தெரியாததுதானா என்றும் எனக்கு நிச்சயமில்லை.

திவசத்தன்று எல்லாரும் போனபின் மாமி கீழே இறங்கி வந்தார். உங்கள் கதிரையில் அமர்ந்தார். "அந்தப் பேய்ப் பாட்டை ஒருக்காப் போடு," என்றார். போட்டேன். தாளம் கழன்ற இடத்தில் அவருடைய கை கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்தது.

"நிரோ பிறந்தாப்பிறகு எனக்கும் உப்பிடித்தான் இருந்தது," என்றார். நிரோ என்று மாமி சொன்னது இவரை. "ஸ்காபரோவில, டோர்செட் பார்க் பக்கம் ஒரு அடுக்குமாடியில, மேல் மாடியில, நானும் பிள்ளையும் தனிய. மாமா ரெண்டு வேலை. என்னில எனக்கே நம்பிக்கை இல்லாமல், பல்கனிக் கதவைப் பூட்டி அதின்ர திறப்பை ஒளிச்சு வைச்சிருந்தனான். அவர் வேலையால வந்து இதைப் போடுவார். எனக்கு எழும்பி ஓடவேணும் போல கிடக்கும். என்ர தலைக்குள்ள கிடந்த இரைச்சல் அப்பிடியே வெளியில கேக்கும்."

"மாமாவுக்குச் சொன்னீங்களோ?"

"என்னெண்டு சொல்லுறது? உந்த வருத்தத்துக்கு எனக்கே பேர் தெரியாது."

மாமியின் மடியில் தலை வைத்து நான் அழுதேன். அவரும் அழுதார். பாட்டு முடிந்து தட்டு சும்மா சுற்றிக்கொண்டிருந்தது.

உங்களுக்குத் தெரியுமா மாமா? அந்தப் பூட்டிய கதவைக் கண்டும் அப்போது விளங்காமல் விட்டு, காலம் போனபின் விளங்கிக்கொண்டீர்களா? அதனால்தான் என் அறை வாசலில் வந்து நின்றீர்களா? இவரிடம் கேட்டேன். "அப்பா சொல்லாத விசயத்தை ஆர் சொல்லுறது?" என்றார்.

இன்னொரு சேதி. சித்திரையில் ஆரணிக்கு ஒரு தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறது. எனக்குச் சந்தோசமும் பயமும் சரிசமமாக இருக்கிறது. நேற்று டொக்டரிடம் மாமியும் வந்தார். நான் பேசுவதற்கு முன்னரே தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டார். போன முறை மருமகளுக்கு மனம் சரியில்லாமல் போனது, இந்த முறை முதலிலிருந்தே பாருங்கள் என்றார். பிறகு கொஞ்சம் நின்று, "எனக்கும் இருந்தது," என்றார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, உங்களை அப்போது யார் பார்த்தார்கள் என்று கேட்டார். "ஒருத்தரும் இல்லை," என்று மாமி சொன்னார். டொக்டர் தன் கதிரையை மாமிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு, "இப்போது சொல்லுங்கள், கேட்கிறேன்," என்றார். மாமி சொன்னார், மாமா. நான் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு என் வாக்கு இது. பிள்ளை பிறந்தபின் எனக்கு மறுபடி இருட்டிக்கொண்டு வந்தால் அன்றைக்கே வாய் திறந்து சொல்வேன். மாமியையும் இனி ஒன்றையும் தனியே சுமக்க விடமாட்டேன்.

உயிரோடு வேண்டும் என்று நீங்கள் கேட்ட,
உங்கள் மருமகள்
சுகந்தி